ராவுவதா, மாற்றுவதா?

பெட்ரோல் வண்டி மேட்டில் திணறுகிறது. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் சின்னஞ்சிறு 'பிளாட்டினம் பாயிண்ட்'டைப் பார்க்கிறார். "அரத்தால ராவி விட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்கிறார். வண்டிக்காரர் முகத்தில் மகிழ்ச்சி. காசு மிச்சமாயிற்றே! உண்மையிலேயே மிச்சம்தானா?

கேமரன் மலைக்கு இது புதிய கேள்வி அல்ல. 1885-இல் வில்லியம் கேமரன் அளவெடுக்கச் சென்ற மலை அது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தாப்பாவிலிருந்து மலைச்சாலை 1931-இல் வந்து சேர்ந்தது. தேயிலைக் காட்டில் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம். அப்போது பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய அந்த வகை வண்டிதான் பின்னர் மலையில் காய்கறி மூட்டை சுமந்தது. தானா ராத்தா பக்கம் போனால் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் பார்க்கலாம்.

டீசல் வண்டிக்கு இந்தத் தலைவலி கிடையாது. பெட்ரோல் வண்டிக்குத்தான் தீப்பொறி வேண்டும். 1910-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களுக்காக அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங் அமைத்த முறை பல பத்தாண்டுகள் உலகை ஆண்டது. பாயிண்ட் மூடினால் காயிலில் மின்சாரம் ஓடும். திறந்தால் பொறி பறக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பாயிண்ட் 6,000 முறை திறந்து மூடுகிறது. தேயாமல் என்ன செய்யும்? (பெயர்தான் பிளாட்டினம். உலோகம் எப்போதோ டங்ஸ்டனாக மாறிவிட்டது.)

தேய்வதும் ஒரே விதமாக இல்லை. ஒரு முகத்தில் குழி விழும். எதிர் முகத்தில் மேடு வளரும். இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மேடு வளர்ந்த பாயிண்ட்டில் கேஜை நுழைத்தால் அது மேட்டை மட்டுமே அளக்கும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். கேமில் உரசும் குதிகால் தேய்ந்தாலோ இடைவெளி குறையும், பொறி தாமதமாகும். சமவெளியில் தெரியாத அந்தத் தாமதம் மேட்டில் தெரிந்துவிடும்.

அப்படியானால் ராவியவர்கள் முட்டாள்களா? இல்லை. கடையில் சாமான் இல்லையென்றால் தாப்பாவுக்கு வளைந்து வளைந்து 60 கிலோமீட்டர் இறங்க வேண்டும். அரமோ கையில் இருக்கிறது. மூட்டை வாடுவதற்குள் வண்டி ஓட வேண்டும். ராவுவது அன்றைக்கு வீடு போய்ச் சேரும் வழி. அதையே மாதக்கணக்கில் வைத்தியமாக்கியதுதான் தவறு. உப்புத்தாளால் தேய்ப்பது இன்னும் மோசம், அதன் துகள் உலோகத்திலேயே பதிந்துவிடும்.

புதிய பாயிண்ட்டும் சீக்கிரமே கருகினால்? கண்டென்சரைப் பார்க்க வேண்டும். இடைவெளி நிலையாக நிற்கவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அங்கே பழுது பார்க்க வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டரை. எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் பயனில்லை. விலை குறைந்ததை ராவிக் காப்பாற்றிவிட்டு, விலை கூடியதைத் தேய விடுவது எந்தக் கணக்கில் சேரும்?

1973-இல் கிறைஸ்லர் தன் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் எலக்ட்ரானிக் முறையைக் கொண்டுவந்தது. பாயிண்ட்டே இல்லை, தேய்மானமும் இல்லை. ஆனால் பாயிண்ட் திணறி முன்கூட்டியே சொல்லும். எலக்ட்ரானிக் பெட்டி பல நேரம் சொல்லாமல் நின்றுவிடும், அரமும் உதவாது. பழைய வண்டியை எலக்ட்ரானிக்குக்கு மாற்றியவர்களில் பலர், கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்கள்.