ஒரு தேதியின் இரு கரைகள்

விராலிமலை என்றதும் மயில்களும் முருகன் கோயிலும் நினைவுக்கு வரும். அக்கோயிலின் சதிர் மரபில் எஞ்சிநின்ற முத்துக்கண்ணம்மாள் 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்டு, 32 பேருள் ஒருவராக இறைவன்முன் ஆடியவர் அவர். 1947-இல் சென்னை மாகாணம் தேவதாசி முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. அதற்காக நெடுங்காலம் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டையில் பிறந்தவரே. அச்சட்டம் தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொட்டுக்கட்டுவதைத் தடுத்த சட்டம், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பெண்களின் முதுமைக்குச் சோறு எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு விடை கூறவில்லை.

உரிமை முன்னே வர, முதுமைக்கான பாதுகாப்பு பின்தங்குவது அத்தோடு முடிந்துவிடவில்லை. ஆசிரியர் ஓய்வூதியத்தின் வரலாறும் அத்தகையதே.

1955-இல், காமராசர் ஆட்சிக்காலத்தில், உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மூன்றையும் ஒருங்கே வழங்கும் திட்டம் வந்தது. கிராமத்து வாத்தியாரின் முதுமைக்கு அரசு பொறுப்பேற்றுக்கொண்ட செயல் அது. 1982 டிசம்பர் 17 அன்று, நகரா வழக்கில், ஓய்வூதியம் அரசு இடும் பிச்சையன்று, உழைத்தவரின் உரிமை என்று உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒரு தேதியைக் கோடாகக் கிழித்து ஓய்வுபெற்றோரை இருபிரிவாக்குவது, அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு கூறும் சமத்துவத்துக்கு முரண் என்றும் அத்தீர்ப்பு உரைத்தது.

1989 தமிழகப் பெண்களுக்கு முக்கியமான ஆண்டு. அவ்வாண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழகம் கொணர்ந்த திருத்தம், மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்களித்தது. (சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே மணமானவர்கள் விலக்கப்பட்டனர் என்பதையும் சொல்லவேண்டும், அங்கும் ஒரு தேதி!) அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீடும் அதே ஆண்டில் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களை எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் வைத்தது. அன்று பள்ளிச் சிறுமிகளாக இருந்தவர்கள் படித்து முடித்து ஆசிரியப் பணிக்கு வரும் வயதை எட்டியது 2000-க்குப் பிறகு. அவர்கள் வந்துசேரும் வேளையில்தான் கோடு மாற்றிக் கிழிக்கப்பட்டது.

2003 ஜூலை 2 அன்று ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் பறிக்கப்பட்ட சலுகைகளைத் திரும்பக் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜெயலலிதா அரசு எஸ்மா சட்டத்தைக் கடுமையாக்கி, ஏறத்தாழ 1,70,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. ஆகஸ்டு 6 அன்று, அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நாளிட்ட அரசாணை 259, 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியமே என்று அறிவித்தது. மத்திய அரசின் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2004 ஜனவரியில்தான்.

அரசின் தரப்பையும் புறக்கணித்துவிடலாகாது. ஊதியமும் ஓய்வூதியமும் வருவாயை விழுங்குகின்றன என்பது பொய்யான கவலையன்று. நகரா வழக்கு ஏற்கெனவே ஓய்வுபெற்றோரைப் பற்றியது. இதுவோ புதிதாகச் சேர்ந்தோரைப் பற்றியது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பள்ளியின் கண்ணில்? ஒரே வகுப்பறை, ஒரே பாடநூல், ஒரே மணியோசை. ஒருவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம், மற்றவருக்கு ஒருமுறை தரும் தொகை. தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டு 2006 ஜூனில் காலமுறை ஊதியம் பெற்றவர்களும் கோட்டின் அப்புறத்திலேயே நின்றனர்.

பழைய திட்டத்தை மீட்போம் என்பது பின்னர் தேர்தல் வாக்குறுதியாயிற்று. 2026 ஜனவரியில் ஸ்டாலின் அரசு, இறுதி ஊதியத்தில் பாதியை உறுதிசெய்யும் திட்டத்தை அறிவித்தது. ஊழியரின் 10 விழுக்காடு பங்களிப்பு அதிலும் உண்டு. கோட்டின் இரு கரைகளும் நெருங்கின, ஒன்றாகவில்லை.

மகளுக்குச் சொத்தில் பங்கும் வேலையில் இடமும் தந்த சமூகம், அவள் உழைத்து ஓய்ந்தபின் யாரையும் அண்டியிராமல் வாழ வழிசெய்வதையும் சம உரிமையின் பகுதியாகவே கருதவேண்டும். முதுமையை வெளியே நிறுத்திய சமத்துவம் பாதிச் சமத்துவமே.