குடிசையை நாடி வந்த மருத்துவம்

பாகூர், வில்லியனூர் வட்டாரங்களில் 'எலும்புருக்கி' என்னும் சொல்லை உரக்கச் சொல்லவும் ஒரு காலத்தில் நம் மக்கள் அஞ்சினர். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தைக்கு வந்த இருமலை வீட்டார் வெட்கத்தால் மறைத்தனர். அவன் தந்தையை இழந்தான். பின்னர் படிப்பையும் இழந்தான். அவ்வெட்கத்திற்கு இடமே இல்லை என்று மெய்ப்பித்த ஆராய்ச்சி, நமக்கு அண்மையிலுள்ள சென்னையில் நடந்ததாகும்.

1882ஆம் ஆண்டில் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் உருசிய அறிஞர் மெச்னிக்காவ், உடலுட் புகும் அயற்பொருளை விழுங்கும் உயிரணுக்களைக் கண்டார். பிறவியிலேயே அமைந்த இக்காவற்படை நம் நுரையீரலிலும் உண்டு. ஆயினும் காசநோய்க் கிருமி, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே பதுங்கி வாழ வல்லது. உடல் நலியும்போது தலைதூக்குவது.

நல்லுணவும் ஓய்வும் தரும் சானடோரியமே இந்நோய்க்குப் புகலிடம் என்று அறிஞர் பலர் கருதினர். ஏழைக்கு அங்கே இடம் ஏது? 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமையில், நகரத்து ஏழை நோயாளிகளுள் ஒரு பாதியினர் வீட்டிலும் மறு பாதியினர் சானடோரியத்திலுமாக, ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உண்டனர். வீட்டிலிருந்தோருக்கு நெருக்கடியான இருப்பிடம், எளிய உணவு. எனினும் 1959இல் வெளிவந்த முடிவு உலகை வியக்கச் செய்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் 86 பேரும் நலம் பெற்றனர். வீட்டில் மருந்துண்டவரால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. குணமாவதற்கு மாளிகை வேண்டுவதில்லை. மருந்து தவறாமல் கிடைத்தாற் போதும் என்பது நிலைநாட்டப்பெற்றது.

எனினும், குணமாக்குவது வேறு. வராமற் காப்பது வேறு. சென்னை நிலையமும் பங்குகொண்ட ஜார்க்கண்டு ஆய்வு 2023இல் வெளிவந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் கூடுதலாக வழங்கியதால், அவர்களிடையே புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. உடலின் காவற்படைக்கும் சோறு வேண்டும் அன்றோ?

ஆகவே, இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் மறைக்காதீர். அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்வீர். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். நோய் எவர்க்கும் இழிவன்று, அறியாமையே இழிவு. குடிசையை ஆய்வுக்களமாக்கிய அறிஞரின் வழியில், குடிசையில் பிறந்த நம் பிள்ளைகளும் ஆய்வுக்கூடம் புகுவாராக!