ஏடும் வன்தட்டும்

வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த நாவற்குடா போன்ற ஊர்களில் எழுத்தைப் பேணுதல் எளிதன்று. ஓலையைச் செல்லும் ஈரமும் அழிக்கும். ஆதலின் முன்னோர் ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்தனர். அவ்வாறு எஞ்சிய ஏடுகளைக் கொண்டே எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறு படியில்லாதவை மீளவில்லை.

இன்று ஆவணங்கள் கணினியின் வன்தட்டில் வாழ்கின்றன. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் ஆக்கிய தட்டுச் சேமிப்பகம், 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டது. தட்டும் பழுதுறுமாதலின், ஒன்றன் இழப்பை ஏனையவற்றால் ஈடுசெய்யும் முறைகளைப் பெர்க்லி அறிஞர் பற்றர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் 1988இல் வகுத்துரைத்தனர்.

எனவே, இல்லத்தில் முதன்முதலாகச் சேமிப்புக் கணினி அமைப்போர் விரைவுமிக்க செயலியை நாட வேண்டுவதில்லை. ஒத்த கொள்ளளவுடைய இரு வன்தட்டுகளும், மின்தடையின்போது உதவும் யூ.பி.எஸ். கருவியுமே முதற்கண் வேண்டற்பாலன. ஒரு தட்டு பழுதுறின் மற்றையது காக்கும். ஆயினும் இரண்டும் ஒரே பெட்டியில் உள்ளன; 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை போன்றதொன்று வரின் இரண்டும் ஒருங்கே அழியும். ஆதலின் மூன்றாவது படியொன்று வேற்றூரில் இருத்தல் இன்றியமையாதது. அதற்குரிய வன்தட்டின் விலையையும் சேர்த்தே செலவைக் கணக்கிடல் வேண்டும்.