கிஷ்கிந்தா (பொழுதுபோக்குப் பூங்கா)

கிஷ்கிந்தா என்பது சென்னைக்குத் தென்மேற்கே, தாம்பரத்தை அடுத்த வரதராஜபுரத்தில் 1995 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொழுதுபோக்குப் பூங்கா ஆகும். இதனை நிறுவியவர் மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான மை டியர் குட்டிச்சாத்தானை (1984) தயாரித்தவரும் இவரே. இராமாயணத்தில் வரும் வானரர்களின் நாட்டுப் பெயரே பூங்காவிற்கு இடப்பட்டது.

வீழ்ச்சி

தொடக்க ஆண்டுகளில் பள்ளிச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் இங்கு வந்தன. 2000களில் திருப்பெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் அருகே குயின்ஸ்லாந்து பூங்கா பெயர் பெற்றது. கிஷ்கிந்தாவின் ராட்டினங்களோ பழையனவாயின. 2015 திசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது வரதராஜபுரம் வெள்ளத்தில் மூழ்கியது.

வெள்ளத்திற்குப் பின் இயக்கப்படாதிருந்த ராட்டினம் ஒன்று 2016 மே மாதம் சோதித்துப் பார்க்கப்பட்டது. அது சரிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். பழுது நீக்கிய ராட்டினத்தை முதலில் மணல் மூட்டைகளையோ நீர் நிரப்பிய பொம்மைகளையோ ஏற்றிச் சுழற்றிப் பார்ப்பதே பாதுகாப்பான முறை. இங்கு அமர்ந்திருந்தவர்கள் ஊழியர்கள். ராட்டினங்களின் பாதுகாப்பிற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 15475 எனும் தரத்தை வெளியிட்டிருந்தும் இவ்விபத்து நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

புதிய பூங்காக்களும் இதற்கு விலக்கல்ல. 2019 சூனில் குயின்ஸ்லாந்தில் உயரத்திலிருந்து இறங்கும் ராட்டினத்தின் இரும்பு வடம் அறுந்தது. அதில் உயிரிழப்பு ஏதும் ஏற்படவில்லை.