பீட்சனின் விரல்கள்

ரக்பி லீக் ஆட்டக்காரர் ஆர்தர் பீட்சன் பெயரைச் சொன்னால் ஆஸ்திரேலியாவில் பலருக்கும் ஒரு குத்துதான் ஞாபகம் வரும். 1980 ஜூலை 8, பிரிஸ்பேன் லேங் பார்க், ஆட்டக்காரர்கள் தம் சொந்த மாநிலத்துக்காக ஆடும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் வரிசையின் முதல் ஆட்டம். 35 வயதில் குயின்ஸ்லாந்துக்குத் தலைமை ஏற்று இறங்கியவர், எதிரணியில் நின்ற தன் பாரமட்டா கிளப் தோழர் மிக் குரோனின்மீதே கையை ஓங்கினார் என்பார்கள். அது குத்தா, மடக்கப் போய்த் தவறிய கையா என்பதில் இன்றும் இழுபறி. சொல்லச் சொல்ல அடி பலத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் ரக்பி லீக்கில் அவரை உயர்த்தியவை விரல்கள். அவற்றுக்கு விலை கூட்டியது 1967இல் வந்த ஒரு விதி.

அதுவரை, பந்து வைத்திருப்பவரை எத்தனை முறை மடக்கிப் பிடித்தாலும் பந்து அவர் அணியிடமே இருக்கும். 1956 முதல் 1966 வரை செயின்ட் ஜார்ஜ் அணி தொடர்ந்து 11 முறை சிட்னி பட்டம் வென்ற காலம் அது. 1967இல் நான்கு பிடிக்குமேல் கிடையாது என்றானது. 1971இல் நான்கு ஆறானது. பந்தை நெஞ்சோடு அணைத்து முட்டி மோதி விழுவதே முன்கள ஆட்டக்காரரான ஃபார்வர்டின் வேலை என்றிருந்த நிலையில், இனி ஒவ்வொரு விழுகையும் ஒரு செலவு. பீட்சனோ இடுப்பில் இருவரும் தோளில் ஒருவரும் தொங்க, கையை மட்டும் விடுவித்துப் பக்கத்தில் ஓடி வருபவரிடம் பந்தை நழுவ விடுவார். பிடி முழுமையாகுமுன் பந்து கைமாறினால் அது கணக்கில் ஏறாது. மூன்று பேர் வெறும் உடம்பைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள்.

விதி எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்கலாம். பொதுதான், ஆனால் அந்த நெருக்கடியில் பந்து தவறினால் எதிரணிக்குப் போய்விடும், ஆகவே பெரும்பாலோர் துணியவில்லை. பீட்சனுக்கும் எல்லாம் எளிதாக அமையவில்லை. பால்மெயின் அணியில், முழு ஆட்டத்துக்கும் மூச்சுத் தாங்காதவர் என்று, அவருக்கு 'அரை ஆட்ட ஆர்ட்டி' எனக் கேலிப் பெயர். 1969 இறுதியாட்டத்தில் அந்த அணி சவுத் சிட்னியை 11-2 என வென்றபோது இவர் தடையில் இருந்தார். அவரைச் செதுக்கியவர் பயிற்சியாளர் ஜாக் கிப்சன்தான் என்பது இன்னொரு வாதம். பீட்சன் பிறகு ஆடிய ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணி 1974, 1975 பட்டங்களை வென்றதிலும், 1975 இறுதியில் செயின்ட் ஜார்ஜை 38-0 என நொறுக்கியதிலும் கிப்சனின் பங்கு பெரிது. பீட்சனின் மூச்சைக் கூட்டியது கிப்சனின் பயிற்சியாக இருக்கலாம். கைவேலை அதற்கு முந்தையது. கிப்சன் அந்த அணிக்கு மீண்டும் வந்தது 1974இல். முந்தைய ஆண்டே ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி ஆட்டக்காரராகிவிட்டார் பீட்சன்.