சிப்புக்கு ஒரு சட்டை: பிங்க் உறையும் வெள்ளி உறையும்

தபாலில் வரும் ஐசியைப் பிரித்தால் வெள்ளி நிறத்தில் மினுங்கும் ஒரு உறை இருக்கும். நம்மில் பலர் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது நண்பர்களே!

1959-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முகமது அட்டாலாவும் டாவோன் காங்கும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரை உருவாக்கினார்கள். அதன் கேட் முனைக்குக் கீழே கண்ணாடி போன்ற மெல்லிய ஆக்சைடு படலம். ஆரம்பகாலத்தில் அதன் தடிமன் மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நூறு வோல்ட் பாய்ந்தாலே ஓட்டை விழுந்துவிடும். நம் விரலில் 'சுரீர்' என்று உறைக்கவோ சுமார் 3000 வோல்ட் வேண்டும். ஆக, நமக்குத் தெரியாமலேயே சிப் செத்துப்போகும். பாதி செத்து, சோதனையில் தேறி, சில மாதம் கழித்துக் காலை வாருவது இன்னும் மோசம்.

முதலில் வந்த வைத்தியம் ரொம்ப எளிமை. ஆர்சிஏ நிறுவனத்தின் 3என்128 போன்ற மாஸ்ஃபெட்டுகளின் கால்களைச் சுற்றி ஒரு உலோக வளையம் மாட்டி அனுப்பினார்கள். எல்லாக் கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் படலத்துக்கு ஆபத்தில்லை. சால்டர் செய்த பிறகுதான் வளையத்தைக் கழற்ற வேண்டும். கால்கள் அதிகமுள்ள ஐசிகளுக்குக் கறுப்பு ஸ்பாஞ்ச் வந்தது. அதில் கார்பன் கலந்திருப்பதால் மின்சாரம் கடத்தும். (வெள்ளைத் தெர்மோகோலில் குத்தி அனுப்புகிறவர்களே, அது உரசினாலே மின்னூட்டம் ஏறும் பொருள்!)

பிறகு பிங்க் பாலித்தீன். சாதாரண பாலித்தீன் தபால் மூட்டையில் வழியெல்லாம் உரசி மின்னூட்டம் சேர்க்கும். பிங்க் உறையில் கலந்த ரசாயனம் காற்றின் ஈரத்தை இழுத்து அந்த மின்னூட்டத்தை வடியவிடும். நிறம் வெறும் அடையாளச் சாயம்தான். இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். பிங்க் உறை தானாக மின்னூட்டம் சேர்க்காது, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் அதிர்ச்சியை அது தடுக்காது. வறண்ட காற்றில் அதன் வேலையும் குறைந்துவிடும்.

சரியான விடையை ஃபாரடே 1836-லேயே செய்து காட்டியிருந்தார்: கடத்தும் கூண்டுக்குள் மின்புலம் நுழையாது. ஆனாலும் மெல்லிய உலோகப் பூச்சுள்ள உறைகள் பரவ 1980கள் ஆயின. 1979-ல்தான் இதற்கென்றே முதல் கருத்தரங்கு நடந்தது; 1980-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனித் தரவிதி வெளியிட்டது.

கூண்டு என்றால் வாயும் மூடியிருக்க வேண்டும். போர்டை உறையின் மேல் வைத்து வேலை பார்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பு இருப்பது உறைக்கு உள்ளே, மேலே அல்ல :-)