யாருக்காக வகுத்த விதி?

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் இன்று பலருக்குப் புத்தகக் காட்சிதான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பி.டி. பீரியடுக்கும் அந்த வளாகத்துக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். எஸ்பிளனேடில் சில மாணவர்களோடு தொடங்கிய அது 1930களில் அடையாற்றங்கரையிலுள்ள இந்த நந்தனம் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. பக் வருவதற்குமுன் பள்ளிகளில் இருந்தது பெரும்பாலும் டிரில். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் விசில் ஊதுவார். பிள்ளைகள் ஒரே வரிசையில், ஒரே தாளத்தில் கையைத் தூக்கி இறக்குவார்கள். ஒரு பிள்ளையின் கால் பிசகினால் வரிசையே கெட்டுவிடும் என்பதால், பிசகும் காலுடைய பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பக்கிடம் பயின்றவர்கள் டிரிலோடு நிற்காமல் விளையாட்டுகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். டிரிலுக்குக் கட்டளை உண்டு, விளையாட்டுக்கு விதி உண்டு. கட்டளைக்குப் பிள்ளைதான் வளைந்து கொடுக்க வேண்டும்; விதியையோ பிள்ளைக்கேற்ப வளைக்கலாம். உடல் குறைபாடுள்ள பிள்ளையும் சேர்ந்து ஆடும் வகுப்பு என்பது நேற்று வந்த சலுகை அல்ல, இந்த மாற்றத்திலேயே அடங்கியிருந்த ஒன்று என்பதே என் வாதம்.

அந்த மைதானத்தில் கற்பிக்கப்பட்ட ஆட்டங்களின் பிறப்பைப் பார்த்தாலே இது தெரியும். கூடைப்பந்து 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவானது, குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாதவர்கள் கூரைக்கடியில் முரட்டுத்தனம் இல்லாமல் ஆடுவதற்காக. அந்த ஓட்டமும் நடுவயது வணிகர்களுக்குக் கடினமாக இருந்ததால், 1895இல் வில்லியம் மார்கன் வலையை நடுவில் கட்டி வாலிபாலை வகுத்தார். எறிபந்து 1940களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே சென்னைக்கு வந்தது; அதன் விதிகளை வரைந்ததில் பக்குக்கும் பங்குண்டு என்று சொல்லப்படுகிறது. பந்தைத் தட்ட வேண்டாம், பிடித்து எறிந்தால் போதும் என்ற ஒரே தளர்வால் நம் பெண்கள் பள்ளிகளில் அது எப்படி வேரூன்றியது என்பதை விளக்கத் தேவையில்லை. 1956இல் நெதர்லாந்தில் வலையைத் தாழ்த்தி, தரையில் அமர்ந்து ஆடும் வாலிபாலை உருவாக்கினார்கள். 1980 முதல் அது பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரால் ஆட முடியவில்லை என்பதற்காகவே விதி மாறியது. அப்படி மாறியதை ஆட்டத்துக்கு நேர்ந்த இழுக்காக யாரும் கருதவில்லை.

அடையாறிலும் இதே கதைதான். இந்தியச் சிறுவர்களுக்கு அன்றைய சாரணர் இயக்கத்தில் இடம் மறுக்கப்பட்டபோது, அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் அன்னி பெசன்ட் 1916இல் சென்னையில் தனியாக இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். 1921இல் பேடன் பவல் இங்கு வந்தபோது அது பொது இயக்கத்தோடு இணைந்தது. ‘அந்தப் பையன்களால் முடியாது’ என்ற கணிப்பு ஐந்தே ஆண்டில் கைவிடப்பட்டது. 1939இல் அதே சொசைட்டிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறையும் நினைவுகூரத்தக்கது. தரையில் வரைந்த கோட்டின்மேல் அடிமேல் அடிவைத்துச் சமநிலையோடு நடக்கும் பயிற்சி அதில் உண்டு. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ரோம் நகரம் ஒதுக்கிய குழந்தைகளிடம்தான் அவர் தம் முறையின் தொடக்கத்தைக் கண்டார். இன்று மயிலாப்பூரிலும் தி. நகரிலும் பெற்றோர் வரிசையில் நின்று இடம் வாங்கும் மாண்டிசோரி வகுப்பு, அந்தக் குழந்தைகள் தந்த கொடை.

நம் தெரு விளையாட்டிலும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஓட முடியாத சின்னப் பிள்ளையை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை எல்லாரோடும் ஓடும், கத்தும்; தொட்டாலும் அவுட் கிடையாது. விரட்டி அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தப் பிள்ளை எடுத்த புள்ளி கணக்கில் ஏறாது. பள்ளிகள் பலவற்றில் இன்று நடப்பது இதைவிடக் கீழ்: காலிப்பர் போட்ட பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்து, மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் வைப்பார்கள். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்காக 1985இல் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. ஆற்றின் மறுகரையில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. நடுவே ஒரு பாலம்தான். ஒரு கரையில் உடலின் தடைகளை அறிந்தவர்கள், மறுகரையில் ஆட்டத்தின் விதிகளை அறிந்தவர்கள். இந்த இரண்டு அறிவும் தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் வந்து சேரவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. ஆனால் அதன் அட்டவணை உடற்கல்விக்கென்று பகுதிநேரப் பயிற்றுநரைக் கேட்பது ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டும், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பாசிரியர்தான் பொறுப்பு.

நாற்பது பிள்ளைகளைத் தனியாக மேய்க்கும் டீச்சரிடம் இதையும் சுமத்தலாமா என்பது நியாயமான கேள்வி. சுமத்துவதற்கு முன் பயிற்சி தர வேண்டும் என்பதே அதற்குப் பதில். ஆனால் கேட்கப்படுவது பெரிய வித்தை அல்ல. பார்வையற்ற பிள்ளைக்கு உள்ளே மணி போட்ட பந்து, காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு ஒரு கொடியசைப்பு, சக்கர நாற்காலிப் பிள்ளை ஆடும்போது பந்து ஒருமுறை தரையில் குதிக்க அனுமதி, அவ்வளவுதான். அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்பவர்கள், மற்ற பிள்ளைகள் முட்டி பெயர்ந்து வரும்போது அதைக் கேட்பதில்லை. ஆட்டத்தின் தரம் கெடும் என்பது மாவட்டப் போட்டிக்குப் பொருந்தலாம்; மூன்றாம் வகுப்புக்குப் பொருந்தாது. அந்த வயதில் தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் உருவாவது வீரனல்ல, விளையாட்டே வேண்டாமென்று ஒதுங்கும் பிள்ளைகள்தான். சிறப்புப் பள்ளியே போதும் என்பவர்களுக்குச் சட்டமே பதில்: 2007இல் இந்தியா ஏற்ற, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பள்ளி விளையாட்டில் மற்ற குழந்தைகளுக்குச் சமமான பங்கைக் கேட்கிறது.

இடமில்லை என்ற தடை மட்டும் மெய்யானது. மயிலாப்பூர், தி. நகர்ச் சந்துகளில் இருக்கும் பல பள்ளிகளுக்கு முற்றமே மைதானம். ஆனால் உட்கார்ந்து ஆடும் எறிபந்துக்கு ஒரு வகுப்பறை போதும். வெளியே போகவும் வழி பிறந்திருக்கிறது: சிறப்புக் குழந்தைகளுக்கென்று சாந்தோமில் மாநகராட்சி அமைத்த பூங்கா இருக்கிறது. மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தாலும், செப்பனிடப்பட்டது. அந்தப் பாதையில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அலைக்கு அருகே ஒரு வகுப்பே போய் வரலாம். அதற்குத் தலைமையாசிரியர் டைம்டேபிளில் பி.டி. பீரியடை மாதம் ஒருநாள் இரண்டு மணி நேரமாகச் சேர்த்துப் போட்டால் போதும்.